கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொடுப்பது

மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் டம்ளர். அதற்கு முன்னால் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆன ஒருவர். "எடுங்க சார்" என்கிறார் பயிற்சிக்கு வந்திருந்த பிசியோதெரபிஸ்ட். மடியில் கிடந்த வலது கை மெல்ல எழுகிறது. தோள் காதுப்பக்கம் தூக்கிக்கொள்கிறது, முழங்கை பாதிதான் நீள்கிறது. விரல்கள் டம்ளருக்கு ஓரங்குலம் தள்ளி நின்று நடுங்குகின்றன. கட்டைவிரல் பிரியத் தொடங்குகிறது. அந்த நொடியில் தெரபிஸ்ட்டின் கை குறுக்கே வந்து, அவர் விரல்களைப் பிரித்து, டம்ளரைச் சுற்றிப் பிடிக்கவைத்துவிடுகிறது. "சூப்பர் சார்!"

வீடியோவை அங்கே நிறுத்தி, அறையில் இருந்த பன்னிரண்டு பேரிடமும் கேட்டேன்: "டம்ளரை எடுத்தது யார்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீடியோவில் இருந்த இளைஞரே கடைசியில் சொன்னார்: "நான்தான் எடுத்திருக்கேன்."

நரம்பு பாதிப்புக்குப் பின் கை கால் அசைவை மீட்கும் சிகிச்சையைப் பிசியோதெரபிஸ்ட்களுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. வருகிறவர்கள் எல்லோரும் உடற்கூறு தெரிந்தவர்கள், கெட்டிக்காரர்கள், நோயாளிகள் மேல் அக்கறை உள்ளவர்கள். அந்த அக்கறைதான் கையாக நீண்டு நோயாளியின் வேலையைச் செய்துவிடுகிறது. டம்ளர் வரை வந்த அந்தக் கட்டைவிரலுக்கு இன்னும் நான்கு விநாடி கொடுத்திருந்தால் அது தானாகப் பிரிந்திருக்கலாம், பிரியாமலும் போயிருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் அவருடைய மூளைக்கு அதில் ஒரு செய்தி இருந்திருக்கும். நாம் பிரித்துவிட்டதில் எந்தச் செய்தியும் இல்லை.

நான் பெரும்பாலும் சொல்லித்தருவது கட்டுப்பாட்டுவழி இயக்கச் சிகிச்சை. சுருக்கமாக சிஐஎம்டி என்போம். நல்ல கைக்குக் கனமான கையுறை மாட்டி அதை ஓரங்கட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட கையைத் தீவிரமாக வேலை வாங்குவது. இதன் வேர் மனிதர்களிடம் இல்லை. 1895-இல் மாட், ஷெரிங்டன் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேர்களை வெட்டிப் பார்த்தார்கள். குரங்கு அந்தக் கையை அப்படியே கைவிட்டுவிட்டது. உணர்வு போனதால் அசைவும் போய்விட்டது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். பிற்பாடு அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் அதே மாதிரிக் குரங்குகளின் நல்ல கையைக் கட்டிவைத்தபோது, கைவிடப்பட்ட கை வேலை செய்யத் தொடங்கியது. அப்படியென்றால் அந்தக் கையில் அசைவு மிச்சம் இருந்திருக்கிறது. முயன்ற போதெல்லாம் தோற்று, தோற்று, நல்ல கையை வைத்தே சமாளிக்கக் குரங்கு பழகிக்கொண்டது. இதைத்தான் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்றார் டாப். பக்கவாதம் வந்த முதல் வாரங்களில் மனிதர்களுக்கும் இதேதான் நடக்கிறது. கை வராத நேரத்தில் பழகிய பழக்கம், கை வரத் தொடங்கிய பிறகும் விடுவதில்லை.

1993-இல் டாப் குழு இந்தச் சிகிச்சையை மனிதர்களிடம் சோதித்து வெளியிட்ட முதல் ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 9 பேர். எல்லோருக்கும் பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதே சிகிச்சையைச் சோதித்து 2006-இல் வந்த எக்ஸைட் என்ற ஆய்வில் 222 பேர். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் வரை ஆனவர்கள். இரண்டு வாரச் சிகிச்சை, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் கையுறை என்பது இலக்கு. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களுடைய கை தேறியது, ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. இதை எல்லாப் பயிற்சியிலும் சொல்வேன், ஆனால் அரை மணி நேரத்துக்குமேல் இதில் செலவழிப்பதில்லை. காரணம் இருக்கிறது.

நான் நடத்திய முதல் பயிற்சி இரண்டு நாள். முக்கால்வாசி நேரம் ஸ்லைடு. ஆய்வுகள், மூளைப் படங்கள், வரைபடங்கள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள், பின்னூட்டப் படிவத்தில் நிறைய மதிப்பெண் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து, வந்தவர்களில் சிலருடைய கிளினிக்குகளுக்குப் போனேன். ஒரு இடத்தில் நோயாளியின் நல்ல கையில் அழகாகக் கையுறை மாட்டியிருந்தார்கள். பாதிக்கப்பட்ட கைக்கு அதே பழைய பயிற்சி: தெரபிஸ்ட் கையைப் பிடித்து மேலே தூக்கி இறக்குகிறார், பத்துப் பத்தாக மூன்று சுற்று. கையுறை மட்டும் புதிது. அவர்கள் மேல் தப்பே இல்லை. நான் 'ஏன்' என்பதைச் சொல்லிக்கொடுத்தேன், 'எப்படி' என்பதை அவர்கள் கையால் செய்யவைக்கவில்லை. அன்று ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்த நோயாளி இரண்டு வாரம் கையுறையோடு பட்ட சிரமம்தான் மனதில் ஓடியது. அத்தனையும் வீண்.

அதன்பின் பயிற்சியை ஐந்து நாளாக்கினேன். முதல் நாள் காலையில் ஸ்லைடு கிடையாது. வந்தவுடன் ஆளுக்கு ஒரு கையுறை. அவரவர் பழகிய கையில் மாட்டிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் வரை கழற்றக்கூடாது. பெயர்ப் பதிவில் கையெழுத்துப் போடுவதே தகராறு. பையின் ஜிப், தண்ணீர் பாட்டில் மூடி, போன் பூட்டு, சட்டைப் பட்டன் என்று ஒவ்வொன்றாக வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையே அமைதியாகிவிடும். நரம்பில் ஒரு கோளாறும் இல்லாத இடது கை இது, இருந்தும் ஆறு மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. ஒரு முறை ஒருவர், அனுபவசாலி, சாயங்காலம் சொன்னார்: "மூணு மணிக்கு மேல யாராவது எனக்கு உதவி செஞ்சா போதும்னு இருந்துச்சு. யாரும் பாக்காதப்போ கழட்டிட்டேன்." அவரைத் திட்டவில்லை. இதையேதான் வீட்டில் அவருடைய நோயாளி செய்வார், வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பார். அந்த உரையாடலை எப்படி நடத்துவது என்பதை அன்றைக்கு அவர் வேறெங்கும் கற்றிருக்க முடியாது.

கையுறை எப்போது கழற்ற வேண்டும் என்பதையும் அன்றே பேசிவிடுவோம். தண்ணீர் படும் வேலை, வெந்நீர், மாடிப்படியில் கைப்பிடி பிடிக்கும்போது, ஊன்றுகோல் தேவைப்படும் நடை, தடுமாறி விழ வாய்ப்புள்ள எந்த இடமும். இதெல்லாம் வாய்ப்பேச்சாக இருக்கக்கூடாது. நோயாளி, தெரபிஸ்ட், வீட்டில் கூட இருப்பவர் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வேலை வேலையாக எழுதியிருக்க வேண்டும். எந்த வேலை பாதிக்கப்பட்ட கையால், எது இரண்டு கையாலும், எது கையுறை கழற்றி. இந்தத் தாளைச் சடங்காக நினைப்பவர்கள் உண்டு. எழுதாமல் விட்டவர்களுடைய நோயாளிகள் இரண்டாவது நாளே கையுறையை அலமாரியில் வைத்துவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் எண்ணிக்கை. ஆளுக்கு ஒரு டேலி கவுண்டர் கொடுப்பேன். கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும், அவ்வளவுதான். நோயாளி பாதிக்கப்பட்ட கையால் ஒரு பொருளை எட்டித் தொட்டால், பிடித்தால், நகர்த்தினால் ஒரு அழுத்து. தெரபிஸ்ட் கையைப் பிடித்துக் கொண்டுபோனால் கணக்கில் வராது. முதலில் ஒவ்வொருவரும் தங்களுடைய வழக்கமான ஒரு அமர்வில் எத்தனை வரும் என்று ஊகித்து எழுதவேண்டும். நூறு, நூற்றைம்பது என்று எழுதுவார்கள். அப்புறம் அவர்கள் கொண்டுவந்த வீடியோவைப் போட்டு எண்ணுவோம். நாற்பதைத் தாண்டுவதே அபூர்வம். 2009-இல் ஆய்வாளர் கேத்தரின் லாங் குழுவினர் பல மறுவாழ்வு மையங்களில் உட்கார்ந்து எண்ணியபோது, கைக்கான செயல்சார் பயிற்சி நடந்த அமர்வுகளில் சராசரி 32 முறைதான். மூளையில் மாற்றம் காட்டிய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். இந்த எண்ணை நான் சொல்லிக் கேட்பதும், தன்னுடைய வீடியோவில் தானே எண்ணிப் பார்ப்பதும் ஒன்றல்ல. எண்ணி முடித்தவர்கள் அடுத்த வேளையே மேசையை மாற்றி அடுக்கத் தொடங்கிவிடுவார்கள்: பொருட்கள் கைக்கெட்டும் தூரத்தில், அடுத்த பணி தயாராகப் பக்கத்தில். நேரம் எங்கே போகிறது என்று அப்போது தெரியும். பொருள் தேடுவதில், பேச்சில், கையைப் பிசைந்துவிடுவதில்.

மூன்றாம் நாள்தான் கடினம், எனக்கும் மிகப் பிடித்த நாள். ஷேப்பிங் என்பார்கள். நோயாளியால் இப்போது முடிவதிலிருந்து ஒரே ஒரு படி மேலே வைத்து, அது கைவந்ததும் அடுத்த படி. ஒரு பணியை வழக்கமாக 30 விநாடி வீதம் 10 முறை செய்யவைத்து, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையையோ நேரத்தையோ உடனே சொல்வது. கேட்க எளிது. புதியவர்கள் செய்யும் தவறு, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது. மரக்கட்டையை எடுத்துப் பெட்டியில் போடும் பணி என்று வையுங்கள். முன்னேற்றம் தெரிந்தவுடன் பெட்டியைத் தள்ளி வைப்பார்கள், உயரத்தையும் கூட்டுவார்கள், கட்டையையும் சிறிதாக்குவார்கள். நோயாளி தோற்பார், எதனால் தோற்றார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே என் விதி: தூரம், உயரம், பொருளின் அளவு, நேரம் இந்த நான்கில் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் தொடலாம். அதுவும் கொஞ்சமாக. மேசையில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்துவிட்டால் 'கொஞ்சம்' என்பது எவ்வளவு என்ற வாக்குவாதமே வராது.

அன்று மதியம் இன்னொரு வேலை. தெரபிஸ்ட்கள் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு முழுப் பணியை நடத்த வேண்டும். நோயாளி விழப்போனால் தாங்க நான் பக்கத்தில் நிற்பேன். அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். விரல் டம்ளருக்கு ஓரங்குலத்தில் நிற்கும்போது அவர்கள் தோள்பட்டையே துடிக்கும். முன்னால் சொன்னேனே அந்த இளைஞர், கைகளைக் கட்டியதும் வாயால் தள்ளத் தொடங்கினார். "முழங்கைய நீட்டுங்க, மணிக்கட்டைத் தூக்குங்க, தோளைத் தளர்த்துங்க, விரலை விரிங்க" என்று மூச்சு விடாமல். நோயாளி குழம்பிப்போய்க் கையை இறக்கிவிட்டார். உடம்பின் பாகத்தைப் பார்க்கச் சொல்வதைவிட, செய்ய வேண்டிய காரியத்தைப் பார்க்கச் சொல்வது அசைவைக் கற்க உதவுகிறது என்று ஆய்வாளர் கேப்ரியேல் வுல்ஃப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். "முழங்கையை நீட்டுங்கள்" என்பதற்குப் பதில் "அந்தச் சிவப்புக் கோட்டைத் தொடுங்கள்". ஒரு வாக்கியம் போதும், அப்புறம் பேசாமல் இருக்க வேண்டும். முடிந்த பிறகு, "போன தடவை ஆறு, இப்போ எட்டு." பாராட்டும் அவ்வளவு போதும். பெரியவர்களிடம் சின்னப் பிள்ளைகளிடம் கைதட்டுவதுபோலக் கைதட்டுவது எனக்குப் பிடிக்காது, அவர்களுக்கும் பிடிக்காது. எண் பேசினால் மரியாதையாக இருக்கும்.

யாருக்கு இந்தச் சிகிச்சை கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன். மணிக்கட்டை மேல்நோக்கி ஏறக்குறைய 20 பாகை, விரல் மூட்டுகளைத் தலா 10 பாகை தானாக விரிக்க முடிகிறவர்களைத்தான் பெரும்பாலான ஆய்வுகள் தகுதியானவர்களாக எடுத்துக்கொண்டன. அதற்குக் குறைந்த அசைவுக்கும் மாற்று வடிவங்கள் உண்டு, ஆனால் விரலே அசையாதவருக்குக் கையுறை மாட்டுவது கொடுமை. தோள் மூட்டு இறங்கியிருப்பவர், கடும் வலி இருப்பவர், நின்றால் தள்ளாடுபவர், சொல்வதைப் பின்தொடர முடியாதவர் விஷயத்திலும் முதலில் வேறு வேலை இருக்கிறது. "எனக்கும் அந்தக் கையுறை போடுங்க" என்று ஆசையாக வருபவரிடம் இல்லை என்று சொல்வது எப்படி என்பதைத் தனியாக ஒத்திகை பார்ப்போம். கதவை மூடக்கூடாது. "இப்போது உங்கள் கைக்கு இது பொருந்தாது, இப்போது செய்யக்கூடியது இது, ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்போம்" என்று தேதியோடு சொல்ல வேண்டும்.

'அதிகம் செய்தால் அதிகம் நல்லது' என்று உற்சாகத்தில் கிளம்புபவர்களுக்காக அவெர்ட் ஆய்வையும் சொல்வேன். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, நீண்ட நேரம் எழுப்பி நடமாடவைத்தால் நல்லதென்று நம்பி 2,104 பேரிடம் சோதித்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அவர்கள் மூன்று மாதத்தில் நல்ல நிலையை எட்டும் வாய்ப்பு குறைந்தே இருந்தது. எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று கேட்காமல் எந்தச் சிகிச்சையையும் தீவிரமாக்கக்கூடாது.

நான்காம் நாள் முழுக்கப் பேச்சு. கிளினிக்கில் கை வேலை செய்வது ஒன்று, வீட்டில் அந்தக் கை நினைவுக்கு வருவது வேறு. இதை அளக்க மோட்டார் ஆக்டிவிட்டி லாக் என்ற நேர்காணல் இருக்கிறது. விளக்குச் சுவிட்ச் போடுவது, கதவுக் குமிழைத் திருப்புவது, தலை வாருவது என்று 30 அன்றாட வேலைகள். ஒவ்வொன்றிலும் பாதிக்கப்பட்ட கையை எவ்வளவு பயன்படுத்தினார், எவ்வளவு நன்றாகப் பயன்படுத்தினார் என்று 0 முதல் 5 வரை அவரே மதிப்பிட வேண்டும். பயிற்சிக்கு வருபவர்கள் இதைச் சாதாரணப் படிவம் என்று நினைக்கிறார்கள். ஒத்திகையில் கேட்பார்கள்: "சட்டைப் பட்டன் இப்போ நீங்களே போடுறீங்கதானே?" நோயாளியாக நடிப்பவர் தலையாட்டிவிடுவார். மரியாதைக்காக, தெரபிஸ்ட் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஆட்டப்படும் தலை அது. சரியான கேள்வி: "இன்னைக்குக் காலைல சட்டை போட்டதைச் சொல்லுங்க. முதல் பட்டன்ல எந்தக் கை இருந்துச்சு?" கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதில் ஒன்று என் சொந்த அனுபவம். என்னிடம் வந்த ஒருவர் சிகிச்சை அறையில் அருமையாக முன்னேறினார். வீட்டில் அந்தக் கையால் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்பேட்டை எட்டாவது நாள் புரட்டினால் காலை நேரமெல்லாம் காலி. கேட்டுக்கொண்டே போனதில் தெரிந்தது, அவருடைய மனைவி வேலைக்குப் போகும் அவசரத்தில் பட்டனைப் போட்டுவிடுகிறார், செருப்பை மாட்டிவிடுகிறார். அந்த அம்மாவை முதல் நாளே உட்காரவைத்துப் பேசாதது என் பிழை. "அரை மணி நேரம் முன்னாடி எழுப்பிவிடட்டுமா?" என்று அவர்தான் வழி சொன்னார். பட்டனுக்கு முதல் நாள் பதினோரு நிமிடம் ஆனது. அப்போதிருந்து, வீட்டில் கூட இருப்பவர் வராமல் ஒப்பந்தத் தாளை நான் திறப்பதில்லை. பயிற்சியிலும் அந்த அம்மாவின் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து ஒத்திகை பார்க்கிறோம். கடினமான பாத்திரம் அது. உதவி செய்வதை நிறுத்தச் சொல்வதை, அன்பைக் குறைக்கச் சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளாதபடி பேச வேண்டும்.

ஐந்தாம் நாள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறித்த சில வேலைகளைக் கை எவ்வளவு வேகமாக, எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று அளக்கும் உல்ஃப் மோட்டார் ஃபங்ஷன் டெஸ்ட்டை எடுக்கப் பழகுவது. ஸ்டாப்வாட்ச், பொருள் வைக்கும் இடங்களைக் குறித்த தாள், ஒரு வேலைக்கு 120 விநாடி வரம்பு. நாற்காலி எங்கே, பொருள் எங்கே என்பது தெரபிஸ்ட்டுக்குத் தெரபிஸ்ட் மாறினால் எண்ணுக்கு அர்த்தமில்லை. இருவர் ஒரே வீடியோவுக்கு மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே போதும்.

உண்மையான பயிற்சி ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். இப்போது சில நிபந்தனைகள் வைத்திருக்கிறேன். ஒரு கிளினிக்கிலிருந்து ஒருவரை மட்டும் அனுப்பினால் எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தது இருவர். தனியாகத் திரும்பிப் போகிறவர் ஒரு மாதத்தில் பழைய வழிக்கு வந்துவிடுவார். சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் கையைப் பிடித்துத் தூக்கும்போது ஒருவர் மட்டும் கை கட்டி நின்றால், வேலை செய்யாமல் நிற்கிறார் என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நோயாளியின் உறவினரே புகார் சொன்ன சம்பவம் உண்டு. அதனால் அந்த இடத்தின் மேலாளரும் ஒரு மணி நேரமாவது வந்து உட்கார வேண்டும். அவருக்கு நான் காட்டுவது டம்ளர் வீடியோவைத்தான்.

மேலாளர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: தினம் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் ஒருவருக்கே கொடுக்க ஆள் எங்கே? நியாயமான கேள்வி. முழு வடிவம் முடியாத இடத்துக்கு ஸ்டீவன் பேஜ் என்ற ஆய்வாளர் சோதித்த மாற்று வடிவத்தைச் சொல்கிறேன். வாரம் 3 நாள் அரை மணி நேர அமர்வு, வார நாட்களில் 5 மணி நேரம் கையுறை, 10 வாரம். எதைச் சுருக்கினாலும் சுருக்கலாம், குறிப்பேட்டையும் ஒப்பந்தத்தையும் மட்டும் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டப்படுவது அவைதான், ஆனால் கிளினிக்கில் பழகிய கை வீட்டிலும் வேலை செய்வது அவற்றால்தான்.

அப்புறம் வீடியோ. இரண்டாவது வாரம் ஒன்று, ஆறாவது வாரம் ஒன்று, நோயாளியின் எழுத்துமூல ஒப்புதலோடு, தலா பதினைந்து நிமிடம். நான் பார்ப்பது மூன்றே மூன்று: தெரபிஸ்ட்டின் கை எத்தனை முறை குறுக்கே வந்தது, எண்ணிக்கை எவ்வளவு, நோயாளிக்கு ஒவ்வொரு முறையும் முடிவு சொல்லப்பட்டதா. குறையை மட்டும் எழுதி அனுப்பிய காலத்தில் இரண்டாவது வீடியோவே வராது. இப்போது போனில் கூப்பிட்டு, அவர்களையே பார்க்கவைத்து, அவர்களே எண்ணட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

டம்ளர் எடுத்துக்கொடுத்த இளைஞரின் ஆறாவது வார வீடியோ ஒரு ராத்திரி வந்தது. வேறொரு நோயாளி, ஒரு அம்மா, இடது கை. மேசையில் டேப் கோடுகள். தெரபிஸ்ட்டின் இரு கைகளும் தன் தொடைக்கு அடியில் இருந்தன, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா ஒரு மரக்கட்டையைப் பிடிக்க இருபத்தாறு விநாடி எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லை. கட்டை பெட்டியில் விழுந்ததும், அந்த அம்மாவே இடது கையை நீட்டி, மேசையில் இருந்த டேலி கவுண்டரைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதற்கு இன்னொரு பத்து விநாடி. கவுண்டரை அவரிடம் கொடுத்தது யாருடைய யோசனை என்று கேட்கப் போனை எடுத்தேன். மறுமுனையில் அந்த இளைஞர் என்னை முந்திக்கொண்டார். "ஒரு சந்தேகம். கட்டையைப் போடுறது ஒண்ணு, கவுண்டரை அழுத்துறது ஒண்ணு. ரெண்டையும் கணக்குல சேக்கலாமா?"

சேர்க்கலாம் என்றேன்.